நூற்றுக்கு நூறு சாப்பிட்டவர்

துடியலூர்ப் பக்கம் இருக்கும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியை நான் குறை சொல்ல வரவில்லை. குறை சொல்ல அங்கே ஒன்றும் கிடைக்காது. தரையில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். லிஃப்டில் ஏறினால் வீணை கேட்கும். அங்கே சேர்ந்த நோயாளி எவரும் பட்டினி கிடந்ததாக இதுவரை ஒரு பதிவும் கிடையாது. காங்கேயம் காளிச்சாமியும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

காளிச்சாமி ஒரு தேங்காய்க் களத்தில் கொப்பரை காய்வதை மேற்பார்க்கிறவர். வயிற்றுவலியை வாயுக்கோளாறு என்று நினைத்துச் சுக்குத்தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்ததில் குடல்வால் வெடித்துப் போனது. ஆம்புலன்ஸில் கொண்டுவந்து போட்டார்கள். டாக்டர் அருள்குமார் வயிற்றைத் திறந்து, கழுவி, தைத்து மூடினார். கண் விழித்தபோது காளிச்சாமிக்கு உடம்பு மரத்துக் கிடந்தது. மனசும் அப்படியே கிடந்தது. பிழைத்துக்கொண்டோம் என்ற சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. மயக்கமருந்து தெளிந்தால் சரியாகிவிடும் என்றார்கள். உடம்பு தெளிந்தது.

நரம்பில் ஏற்றிய குளுக்கோஸில் சில நாள் ஓடிய பிறகு டாக்டர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

“நான் தைச்சது வெறும் நூலுங்க” என்றார். “நூல் எதையும் ஒட்டாது. ஒட்டறது நீங்க சாப்பிடற சாப்பாடு. முட்டை, பருப்பு, கீரை, மீனு. இன்னையிலருந்து நல்லாச் சாப்பிடோணும். சாப்பிடலைன்னா தையல் வாயைப் பொளந்துக்கும். அப்பறம் மறுக்கா வயித்தைத் தொறக்கற மாதிரி ஆயிரும். புரியுதுங்களா?”

“புரியுதுங்க” என்றார் காளிச்சாமி. நன்றாகவே புரிந்தது. இன்னொரு முறை அந்த ஆபரேஷன் மேஜையில் படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று அவருக்கு உள்ளே ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. அதனால் சாப்பிட்டுவிடுவது என்று தீர்மானமாக இருந்தார்.

அவரை ஊட்டச்சத்து மீட்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். நோயாளியைச் சோறு போட்டுத் தேற்றுவதற்கென்றே தனியாகக் கட்டிய பிரிவு அது. வீட்டு ஆட்கள் உள்ளே வரக்கூடாது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று செல்போனில் பேசலாம். ஒவ்வொரு படுக்கைக்கு மேலும் ஒரு சின்ன விளக்கு. சாப்பிடாதவர் தலைக்கு மேல் சிவப்பு எரியும், சாப்பிட்டவர் தலைக்கு மேல் பச்சை. சாப்பாட்டு வண்டி சிவப்பைப் பார்த்து நிற்கும், பச்சையைப் பார்த்துப் போகும். கோயில் காளைக்குக்கூடப் பழக்கிவிடலாம், அவ்வளவு சுலபமான ஏற்பாடு.

மதியம் உணவு ஆலோசகர் பிரவீனா கையில் டேப்லெட்டோடு வந்தாள். மதுக்கரைப் பெண். சிரித்த முகம்.

“ஏனுங்க, சாப்பாடு ஆச்சுங்களா?” என்று கேட்டாள்.

“ஆச்சுங்க” என்றார் காளிச்சாமி.

பிரவீனா டேப்லெட்டைத் தொட்டாள். தலைக்கு மேல் பச்சை எரிந்தது. வண்டி அவரைக் கடந்து போனது.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். கொங்கு நாட்டில் ஒருவர் சாப்பாடு ஆச்சா என்று கேட்டால் ஆச்சுங்க என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பிட்டிருந்தாலும் அதுதான், முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்தாலும் அதுதான். இல்லை என்று சொன்னால் கேட்டவருக்குச் சிரமம் கொடுத்ததாகிவிடும். கேட்டவரும் அதை நம்பிவிடக்கூடாது. “அட, சும்மா ஒரு வாய் உண்ணுங்க” என்று இரண்டாம் முறை வற்புறுத்த வேண்டும். அதற்கும் “இருக்கட்டுங்க” என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை கையைப் பிடித்து இழுத்தால், வேறு வழியில்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இலையில் உட்கார வேண்டும். முதல் முறை கேட்டதற்கே உட்கார்ந்தவன் என்று எந்த ஊரிலும் ஒருத்தனைக் காட்ட முடியாது. காட்டினால் அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள்.

இது பிரவீனாவுக்குத் தெரியாததல்ல. மதுக்கரையில் அவள் வீட்டுக்கு வந்த ஆள் எவரும் சாப்பிடாமல் போனதில்லை. ஆனால் டேப்லெட்டில் கேள்வி ஒருமுறைதான் வரும். பதில் விழுந்ததும் அது அடுத்த படுக்கைக்குப் போய்விடும். இரண்டாவது முறை கேட்க அதில் இடமில்லை.

காளிச்சாமி காத்திருந்தார். இரண்டாம் தடவை கேட்பார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நர்ஸ் வந்தாள். “சாப்பாட்டுக்கு அப்பறம் போடற மாத்திரைங்க. சாப்பாடு ஆச்சுதானுங்களே?” என்றாள். “ஆச்சுங்க” என்றார். மாத்திரை வெறும் வயிற்றில் இறங்கி எரிந்தது. வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். வாயைத் திறந்து சோறு கேட்பதா? சொந்த மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் யாரும் கை பிடித்துப் பந்திக்கு அழைக்கவில்லை என்று, மொய்யை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பழையதைக் கரைத்துக் குடித்த மனுஷன் அவர்.

சாயங்காலம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி சென்னியம்மாள் வந்து நின்றாள்.

“சோறு குடுத்தாங்களா? உண்டீங்களா?” என்றாள் செல்போனில்.

காளிச்சாமி அவளைப் பார்த்தார். அவள் கண் உள்ளே போயிருந்தது. அவர் சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான். களத்தில் வேலை முடிந்து எந்நேரம் ஆனாலும் காத்துக்கொண்டிருப்பாள். இல்லை என்று சொன்னால் இந்த வராண்டாவில் அவளும் பட்டினி கிடப்பாள்.

“ஆச்சு” என்றார். “முட்டை, பருப்பு எல்லாம். நீ போயி உண்ணு.”

அவள் முகம் தெளிந்தது. கீழே கேண்டீனுக்குப் போனாள். அவள் சாப்பிடுகிறாள் என்று நினைத்ததில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. அன்றைக்கு அவருக்குள் இறங்கியது அது ஒன்றுதான்.

மறுநாள் ஊட்டச்சத்துப் பயிற்சி. நோயாளிகளை வட்டமாக உட்காரவைத்து நடுவில் ஒரு மேஜையைப் போட்டார்கள். மேஜை நிறைய இட்லி, தோசை, அவித்த முட்டை, பொரித்த மீன், கீரைக் கூட்டு. காளிச்சாமிக்கு வாயில் தண்ணீர் ஊறியது. எல்லாம் பிளாஸ்டிக்.

“புண்ணு ஆறறதுக்குப் புரதம் வேணுங்க. இதுல புரதம் எதுன்னு ஒருத்தர் எடுத்துக் காட்டுங்க பார்க்கலாம்” என்றாள் பிரவீனா.

காளிச்சாமி எழுந்து போய் முட்டையை எடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். முட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவர் சட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டினார்கள். ஆலோசனை பெற்றவர், உணவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவர் என்று டேப்லெட்டில் ஏறியது. முட்டை கையில் லேசாக இருந்ததாகவும், நடுவில் தையல் மாதிரி ஒரு ஒட்டுக்கோடு இருந்ததாகவும், அதைப் பார்த்ததும் தன் வயிறு ஞாபகம் வந்ததாகவும் அவர் பிறகு சொன்னார்.

பக்கத்துப் படுக்கையில் சுஃப்யான் என்றொரு இளைஞன். பித்தப்பையை எடுத்தவன். படபடவென்று பேசுவான், சாப்பாடு ஆச்சா என்று கேட்டால் இல்லை என்று பட்டென்று சொல்லிவிடுவான். அவன் தலைக்கு மேல் சிவப்பு எரியும், வண்டி நிற்கும். அவன்தான் முதலில் கவனித்தான்.

“அண்ணா, உங்களுக்குத் தட்டே வர்ற மாதிரி தெரியலையே. இந்தாங்க, இட்லி எடுத்துக்கங்க.”

“இருக்கட்டுங்க தம்பி. ஆச்சு.”

“அட, ஒண்ணே ஒண்ணுண்ணா.”

“வேண்டாமுங்க, நீங்க உண்ணுங்க.”

சுஃப்யான் கரும்புக்கடைப் பகுதியில் வளர்ந்தவன். வளர்த்தவர்கள் ஒழுங்காக வளர்த்திருந்தார்கள். தட்டோடு எழுந்து வந்து, காளிச்சாமியின் கையைப் பிடித்து, “இப்ப நீங்க எடுக்கலைன்னா நானும் சாப்பிட மாட்டேன்” என்றான். அது மூன்றாம் முறை. காளிச்சாமி கையை நீட்டினார். விரல் இட்லியைத் தொட்டது.

நர்ஸ் ஓடி வந்தாள். ஒரு நோயாளியின் தட்டிலிருந்து இன்னொரு நோயாளி எடுத்தால் கிருமித்தொற்று. அதுவும் பச்சை விளக்கு எரிகிற ஒருவர் எடுப்பது அதிக உணவு உட்கொள்ளும் முயற்சி. இரண்டு படுக்கைக்கும் நடுவில் ஒரு திரையைக் கொண்டுவந்து மாட்டினார்கள். திரையில் பழங்கள் படம் போட்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் சுஃப்யான் வெகுநேரம் ஸ்பூனைத் தொடாமல் இருந்தான். அப்புறம் சாப்பிட்டான். அவனுக்கும் புண் ஆற வேண்டுமே.

இதற்கிடையில் சென்னியம்மாள் காங்கேயம் போய், நாட்டுக்கோழி அடித்துச் சாறு வைத்து, அரிசிம்பருப்புச் சோறும் ஆக்கி, தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். ஆஸ்பத்திரிச் சோறு என்னதான் நன்றாக இருந்தாலும் வீட்டுச் சாறு ஆகுமா? வாசலில் செக்யூரிட்டி போசியை வாங்கி மோந்து பார்த்தார்.

“நெம்ப நல்ல வாசமுங்கம்மா. ஆனா வெளிச் சாப்பாடு உள்ள போகக்கூடாதுங்க. இங்க பாதுகாப்பு அறை இருக்குது. குளிர்ல வெச்சுருவோம். அவரு தேறி வெளிய வர்ற அன்னைக்கு வாங்கிக்கலாம்.”

“அவரு தேறறதுக்குத்தானுங்க இதைக் கொண்டாந்தேன்.”

“அதுதானுங்க. தேறுன உடனே குடுத்துர்றோம்.”

டோக்கன் கொடுத்தார்கள். பாதுகாப்பு அறையை எட்டிப் பார்த்தாள். வரிசை வரிசையாகப் போசிகள், டிபன் கேரியர்கள், ஹார்லிக்ஸ் பாட்டில்கள், ஆரஞ்சுப் பைகள். கொங்கு நாட்டில் பாதி அங்கே உட்கார்ந்திருந்தது. எல்லாம் தேறுவதற்காகக் காத்திருந்தது.

காளிச்சாமியின் புண் ஆறவில்லை. ஓரம் சிவந்து நீர் கசிந்தது. எடையும் இறங்கியது. முதலில் எடை பார்க்கும் மிஷின் பழுது என்று மாற்றினார்கள். புது மிஷின் இன்னும் குறைவாகக் காட்டியது. அதையும் பழுது என்று சொல்வது மரியாதையல்ல என்பதால் கூட்டம் போட்டார்கள். ஊட்டச்சத்து மீட்புப் பிரிவின் இயக்குநர் டாக்டர் பாலகோபால் தலைமை தாங்கினார். நோயாளியின் படுக்கையைச் சுற்றி நின்றுகொண்டு நோயாளியைத் தவிர மற்ற எல்லோரையும் பார்த்துப் பேசுவது அவர் வழக்கம்.

“இவருடைய உட்கொள்ளல் நூற்றுக்கு நூறு” என்றார் அவர். “என் சர்வீஸ்ல இப்படியொரு கிராஃப் நான் பார்த்ததில்லை. ஒரு வேளைகூட மிஸ் ஆகலை. ஒரு பருக்கை மிச்சம் வைக்கலை. அப்ப சாப்பாட்டுல பிரச்சினை இல்லைன்னு ஆயிடுச்சு. மிச்சம் என்ன இருக்கு? உடம்பு. இவ்வளவு சாப்பாட்டை இந்த உடம்பு தாங்கலை. செரிமானத்துக்கே எல்லா சக்தியும் போயிருது, புண்ணுக்கு ஒண்ணும் போறதில்லை. அளவைப் பாதியாக் குறைங்க.”

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். அன்று முதல் காளிச்சாமிக்கு வராமல் இருந்த சாப்பாட்டில் பாதிதான் வராமல் இருந்தது.

பசி ஒரு கட்டத்துக்கு மேல் போனால் பசியாக இருப்பதில்லை. காது அடைத்தது. சுவர்க் கடிகாரம் ஓடுவது தெரிந்தது, நேரம் போவது தெரியவில்லை. கோபம் வரவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் அதற்காகக் காத்துப் பார்த்தார். வரவில்லை. பிரவீனா வந்து கேட்டாள். ஆச்சுங்க என்றார். வாய் அதுவாகச் சொல்லிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சென்னியம்மாள் வந்து கேட்டாள். ஆச்சு என்றார். அவள் இறங்கிப் போய்ச் சாப்பிட்டாள்.

ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் குழு ஒன்று அந்த வாரம் வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்ட ஒரு முன்மாதிரி நோயாளி தேவைப்பட்டார். கம்ப்யூட்டரே தேர்ந்தெடுத்தது: காளிச்சாமி. சவரம் செய்து, பவுடர் போட்டு, சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அன்று காலையில்தான் டாக்டர் அருள்குமார் கட்டைப் பிரித்துப் பார்த்து முகம் சுளித்திருந்தார்.

“தையல் விட ஆரம்பிச்சிருச்சுங்க. இன்னும் ரெண்டொரு நாள்ல மறுக்காத் தொறக்கோணும்னு நினைக்கிறேன். நல்லா சாப்பிட்டும் இப்படி ஆகுதே, பாவம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

விழா நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். பாலகோபால் மைக்கைப் பிடித்தார்.

“நாங்க நோயாளிக்குச் சோறு போடறதில்லை. சோறு போடறது ஓட்டல் வேலை. நாங்க குடுக்கறது ஊட்டச்சத்து அனுபவம். முந்தியெல்லாம் சாப்பிட்டாங்களான்னு தட்டைப் பார்த்துச் சொல்லுவாங்க. எவ்வளவு பழைய முறை! தட்டைப் பார்க்க ஒரு ஆள், எடுக்க ஒரு ஆள். இப்ப நாங்க தட்டைப் பார்க்கறதே இல்லை. விளக்கைப் பார்க்கறோம். இந்தப் பிரிவு ஆரம்பிச்சதிலிருந்து சிவப்போட தூங்கின நோயாளி ஒருத்தர் கிடையாது. உணவு வீணாகறது பூஜ்யம். இன்னும் சொன்னா, சமையலறைச் செலவு வருஷா வருஷம் குறைஞ்சுகிட்டே வருது, நோயாளிங்க சாப்பிடறது கூடிகிட்டே வருது. இது எப்படின்னு எங்களுக்கே ஆச்சரியம்.”

குழுவினர் எழுந்து நின்று கை தட்டினார்கள். காளிச்சாமிக்குப் பொன்னாடை போர்த்தி, கண்ணாடித்தாள் சுற்றிய பழக்கூடையை மடியில் வைத்தார்கள். ஆப்பிள், மாதுளை, திராட்சை. தாளுக்குள்ளே எல்லாம் தெரிந்தது. போட்டோ எடுத்து முடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டார்கள். வேறு பிரிவில் அடுத்த விழா இருந்தது. அப்புறம் மைக்கை அவர் வாய்க்கு நேரே பிடித்தார்கள்.

“உங்க அனுபவத்தை ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

காளிச்சாமி மைக்கைப் பார்த்தார். அந்த ஆபரேஷன் மேஜை ஞாபகம் வந்தது. மேலே எரியும் பெரிய விளக்கும், முகத்தில் மூடிய ரப்பர் வாசமும் ஞாபகம் வந்தன. மரத்துக் கிடந்த இடத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. அது பயம். பயமாவது வந்ததே என்றிருந்தது.

“நான் இன்னும் சாப்பிடலைங்க” என்றார்.

வாழ்நாளில் முதல் முறை அப்படிச் சொன்னார். சொல்லும்போது அவமானத்தில் காது சூடானது. சிலர் பழக்கத்தில் கை தட்டினார்கள். பாலகோபால் சிரித்தார்.

“மதிய சாப்பாடு இன்னும் ஆகலைங்கறார். ஆர்வத்தைப் பாருங்க.”

“மதியம் இல்லைங்க. இந்த வார்டுக்கு வந்ததிலிருந்தே சாப்பிடலைங்க. எனக்கு ஒரு தட்டும் வரலைங்க.”

பிரவீனா டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பச்சை, பச்சை, பச்சை.

“நான் ஒவ்வொரு வேளையும் கேட்டனுங்களே” என்றாள் அவள், அழாத குறையாக. “நீங்கதானுங்க ஆச்சுன்னு சொன்னீங்க.”

“அம்மணி, நீங்க ஒருக்காத்தான கேட்டீங்க” என்றார் காளிச்சாமி.

அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் பிரவீனாவுக்கு மட்டும் அது விளங்கியது. “சார்...” என்று வாயைத் திறந்தாள். பாலகோபால் கையை உயர்த்தினார்.

“யாரும் பதற வேண்டாம். ஆபரேஷனுக்கு அப்பறம் சிலருக்கு இப்படி ஆகும். சாப்பிட்டது மறந்து போயிடும், சாப்பிடவே இல்லைன்னு சாதிப்பாங்க. கிராஃப் பொய் சொல்லாது, மனுஷ மூளை சொல்லும். எதுக்கும் வீட்டு ஆளைக் கூப்பிட்டு உறுதி பண்ணிக்கலாம்.”

சென்னியம்மாளைக் கூப்பிட்டார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“ஏனுங்கம்மா, உங்க ஊட்டுக்காரர் இங்க தினமும் சாப்பிட்டாருங்களா?”

“ஆமாங்க, பொய் சொல்லக்கூடாது. வேளாவேளைக்கு முட்டை, பருப்புன்னு நல்லாக் கவனிச்சாங்கன்னு அவரே என்றகிட்டச் சொன்னாருங்க. அதைக் கேட்டப்பறந்தானுங்க நானே வாயில வெச்சேன்.”

பாலகோபால் குழுவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். குழு குறித்துக்கொண்டது. விஷயம் என்னவென்று சென்னியம்மாளுக்குச் சொன்னார்கள். அவள் நாற்காலியின் முன்னால் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

“என்னைத் தெரியுதுங்களா?”

“தெரியாம என்ன, சென்னி.”

“நீங்க உண்டீங்கல்ல? என்றகிட்டச் சொன்னீங்கல்ல?”

“நான் உண்ணலை. நீ உண்ணோணும்னு சொன்னேன்.”

“அய்யோ சாமி, புத்தி பேதலிச்சுப் போச்சே” என்று அவள் கத்தினாள். அந்த வாக்கியத்தின் பின்பாதி அவள் காதில் ஏறவில்லை. அவர் திரும்பச் சொல்லப் பார்த்தார். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் அந்த வியாதியின் அறிகுறி என்று பக்கத்தில் ஒரு டாக்டர் விளக்கினார். மூளையை ஸ்கேன் எடுக்கச் சம்மதம் என்று காட்டிய இடத்தில் சென்னியம்மாள் கையெழுத்துப் போட்டாள்.

அடித்தளத்தில் ஸ்கேன் அறை குளிர்ந்து கிடந்தது. டெக்னீசியன் நடுவயதுக்காரர், அலுத்துப் போன முகம். மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன் என்பதால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

“கடைசியா எப்பங்க சாப்பிட்டீங்க?”

காளிச்சாமி யோசித்தார்.

“காங்கேயத்துலங்க. வயித்துவலி வர்றதுக்கு முந்தி.”

“அதுக்கப்பறம் ஒண்ணும் சாப்பிடலையே? டீ, பிஸ்கட்டு, எதுவும்?”

“ஒண்ணுமில்லைங்க.”

டெக்னீசியன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார், கழுத்தெலும்பைப் பார்த்தார். அவருக்கு டேப்லெட் கிடையாது.

“நெம்ப நல்லதுங்க” என்றார் மனதார. “இப்படித்தான் வரோணும். அவனவன் திருட்டுத்தனமா எதையாச்சும் தின்னுபோட்டு வந்து படுத்துக்கறானுங்க. உங்களை மாதிரி ஒரு நோயாளியை நான் பார்த்ததே இல்லைங்க.”

அந்த ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன உண்மையை முதல் தடவையாக ஒருவர் நம்பியிருந்தார். காளிச்சாமிக்கு அழுகை வரும்போல இருந்தது. வாயைத் திறந்து சோறு கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். அதற்குள் டெக்னீசியன் அவர் நெற்றியில் பட்டையை இறுக்கினார்.

“ரிப்போர்ட் வர்ற வரைக்கும் இப்படியே வெறும் வயிறா இருங்க. யாரு எத்தனை தடவை வற்புறுத்துனாலும் ஒரு வாய் வாங்கீராதீங்க. சரிங்களா?”

“சரிங்க” என்றார் காளிச்சாமி. மேஜை அவரை மிஷினுக்குள் இழுத்துக்கொண்டது.